முதல் கியரில் சகுந்தலா டீச்சர்

செய்தி வந்தபோது நான் பத்தாம் வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்று, "டீச்சர், சகுந்தலா டீச்சர் தவறிட்டாங்களாம். இப்பதான் போன் வந்துச்சு" என்றார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். மிச்சமிருந்த இரண்டு வரிக்கும் பொருள் சொல்லி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். "பாதி நடத்தின பாடமும் பாதி கழட்டின வண்டியும் ஒண்ணு. ரெண்டும் யாருக்கும் ஒதவாது" என்று சகுந்தலா டீச்சர்தான் சொல்லுவார்.

திருவொற்றியூரில் எங்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவர் சகுந்தலா டீச்சர். நான் அங்கே தமிழ் நடத்துகிறேன், பெயர் ஜெபமணி. பழைய மாணவர்கள் சேர்ந்து அவருக்கு நினைவு மலர் போடுகிறார்கள். என்னிடமும் இரண்டு பக்கம் கேட்டார்கள். "டீச்சரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க மிஸ், யார் மனசும் நோகாத மாதிரி" என்றாள் கேட்க வந்தவள். நல்லதாக எழுதுகிறேன் என்றேன். மற்றதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இரங்கல் கூட்டத்தில் நடந்ததை நீங்களும்தான் பார்த்தீர்கள். டீச்சரின் கொழுந்தனார் தனசேகர் அவர்கள், எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி ஷெட் வைத்திருப்பவர், மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எங்க அண்ணி எனக்குத் தாய் மாதிரி. ஒரு ஆயுத பூஜை அன்னிக்கு கிளட்ச் புடிக்கத் தெரியாம என் புது காரையே இடிச்சிட்டாங்க. ஒரு வார்த்தை கேட்டிருப்பனா? புருஷன் இல்லாதவங்க, தெரியாம செஞ்சிட்டாங்கன்னு மன்னிச்சு வுட்டுட்டேன்" என்றார். கூட்டம் உச்சுக் கொட்டியது. பெரிய மனசு என்று என் பக்கத்தில் இருந்த அம்மா சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மன்னிப்பை ஒன்பது வருடமாக இவர் கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் சொல்லிச் சொல்லிப் பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறார். அதை அவரிடமிருந்து பிடுங்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த கிளட்ச் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும். டீச்சரின் கணவர் வரதன் சார் துறைமுகத்தில் கிரேன் பிரிவில் வேலை பார்த்தவர். ஐம்பதுகளில் வந்த லேண்ட்மாஸ்டர் கார் ஒன்றை, ஓய்வு பெற்றுப் போன அதிகாரியிடமிருந்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் அதன் அடியிலேயே படுத்துக் கிடப்பார். தொண்ணூற்றேழில் ஒரு பகல் வேளை அவருக்கு நெஞ்சு வலித்தது. டீச்சருக்கு வண்டி ஓட்டத் தெரியும். அவரைப் பின்சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. தேய்ந்துபோன கிளட்ச் தட்டு கருகி நாற்றம் வந்தது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்துவிட்டது.

டீச்சர் பாலத்தடியில் இருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடி, ஷெட்டுக்கு போன் போட்டார். தனசேகர்தான் எடுத்தார். "அண்ணி, எல்லா வண்டியும் ஹார்பர் உள்ள கீது. ஷெட்ல ஒண்ணுகூட இல்ல" என்றார். கடைசியில் காசிமேட்டிலிருந்து வந்த மீன் வேன் ஒன்று நின்றது. ஐஸ் தண்ணீர் சொட்டும் கூடைகளுக்கு நடுவில் வரதன் சாரைக் கிடத்திக் கொண்டு போனார்கள். போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

மூன்றாம் நாள் ஷெட்டின் பழைய பிட்டர் ஏழுமலை வந்து டீச்சரின் முன்னால் தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கு ஷெட்டில் ஜீப் நின்றதாம். இவர்தான் அதைக் கழுவிக்கொண்டிருந்தாராம். சாயங்காலம் தனசேகரின் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வர வேண்டியிருந்ததால், அழுக்காகக் கூடாது என்று வைத்திருந்தார்களாம். நானும் அப்போது அங்கே இருந்தேன். டீச்சர் சத்தம் போடவில்லை. "நீ வூட்டுக்குப் போ ஏழுமல. நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். பள்ளிக்குத் திரும்பி வந்த பிறகு, ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டே என்னிடம் சொன்னார். "இதுக்கு பதில் குடுக்காம நான் சாவ மாட்டேன், ஜெபா." சொல்லிவிட்டு அடுத்த தாளுக்கு மதிப்பெண் போட்டார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜையன்று குடும்பத்து வண்டிகள் எல்லாம் ஷெட்டுக்கு வந்து வரிசையாக நிற்க வேண்டும். சொந்த இன்ஜினில் வர வேண்டும். கயிறு கட்டி இழுத்து வந்தால் கணக்கில்லை. மூன்று பூஜைக்கு வராத வண்டி செத்த வண்டி. அது வீட்டில் நிற்பது ஆகாது என்று தீபாவளிக்கு முன்னால் காயலான் கடைக்குப் போட்டுவிடுவார்கள். மாமனார் காலத்துச் சட்டம். லேண்ட்மாஸ்டர் இரண்டு பூஜைக்குப் போகவில்லை. தொண்ணூற்றொன்பதில் தனசேகர் வீட்டுக்கு வந்து, எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடந்த அதன் பானட்டில் விரலால் கோடு இழுத்துப் பார்த்து, "இந்த வருசமும் வரலன்னா எடுத்துடலாம் அண்ணி. கலீஜா கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி வரதன் சாரின் அப்பா பெயரில் பதிவாகியிருந்தது, ஆகவே தனசேகரின் பேச்சு செல்லும்.

மெக்கானிக் தேடி நாங்கள் அலையாத இடமில்லை. ஒருவர் வருகிறேன் என்பார்; மறுநாள் தலையைச் சொறிவார். "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். ஷெட்டு வேலதான் எனக்கு சோறு. மொதலாளிய பகைச்சுக்க முடியாது" என்று ஒருவர் மட்டும் உண்மையைச் சொன்னார். ஏழுமலையைக் கூப்பிட்டால் அவர் வேலை போய்விடும். டீச்சர் என்னைப் பார்த்தார். "காலாண்டு லீவுக்கு உனக்கு இன்னா வேல கீது?" என்று கேட்டார். நைட்டிக்கு மேல் வரதன் சாரின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் அவர் கார் அடியில் படுத்தபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. எனக்கு நாற்பது.

கிளட்ச் என்பது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் ஒரு தட்டு. அதைப் பார்க்க வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். கடல் காற்றில் ஒவ்வொரு நட்டும் துரு ஏறி இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி இரண்டு நாள் ஊற வைத்தோம். துறைமுகத்தில் கழித்துப் போட்ட மரக்கட்டைகளை அடுக்கி வண்டியை உயர்த்தினோம். காருக்குள் குறுக்கே பலகை போட்டு, வலை இழுக்கிற நைலான் கயிற்றில் கியர்பாக்ஸைக் கட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறக்கினோம். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் டீச்சர் செய்முறைத் தேர்வு போல எண் எழுதிய சீட்டு கட்டி வைத்தார். ஸ்பேனரை நான் பாதியில் விட்டால், "தள்ளாத எதுவும் நகராது, ஜெபா. நல்லா தள்ளு" என்பார். வகுப்பில் முதல் விதியை அவர் இப்படித்தான் நடத்துவார் என்று உங்களுக்குத் தெரியும்.

தப்பு என்னால் வந்தது. கடைசி போல்ட்டைக் கழற்றியதும் தட்டு நழுவி என் மார்பின் மேல் விழுந்தது. பதறிப் போய்ப் பிடித்துத் திருப்பிவிட்டேன். எந்தப் பக்கம் இன்ஜினைப் பார்த்திருந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தட்டின் நடுவில் உள்ள குமிழ் ஒரு பக்கம் நீட்டமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருக்கும். திருப்பி மாட்டினால் கிளட்ச் வேலை செய்யாது. வரதன் சாரின் ரிப்பேர் புத்தகத்தில் படம் உண்டு. அந்தப் புத்தகத்தை அதற்கு முந்தின மாதம்தான் தனசேகர், "சும்மா பாத்துட்டுத் தரேன்" என்று வாங்கிக்கொண்டு போயிருந்தார். தட்டுக்குப் புது லைனிங் அடித்து வாங்கி வந்து, சமையலறை மேடை மேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீட்டப் பக்கம் கியர்பாக்ஸ் பக்கம்தான் என்று டீச்சர் கணக்குப் போட்டுச் சொன்னார். ஆனாலும் சந்தேகம் இருந்தது.

அப்போதுதான் மாளய அமாவாசை வந்தது. அண்ணனுக்குப் படையல் போட தனசேகர் வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்தார். காக்கைக்குச் சோறு வைத்தார். பிறகு சந்துப் பக்கம் எட்டிப் பார்த்து, "அட, நீங்களே எறங்கிட்டீங்களா! நல்லது அண்ணி" என்றார். மேடையில் இருந்த தட்டைக் கையில் எடுத்தார். "நீட்டு பக்கம் இன்ஜின் பக்கம் வர்ணும். மாத்திப் போட்றாதீங்க. பேஜாரா பூடும்" என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னார்.

அவர் போனதும் நான் கேட்டேன்: "டீச்சர், நீங்க மாத்தில்ல சொன்னீங்க?" டீச்சர் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அமாவாசை அன்னிக்கு இந்த வூட்டுல யாரும் பொய் சொல்ல மாட்டாங்க. செத்தவங்க வந்து உக்காந்துகினு கேப்பாங்க. அவுரு படையல் போட்ட கையோட சொல்றாரு" என்றார். வருடக்கணக்காக இயற்பியல் நடத்தியவர் தன் கணக்கை அழித்துவிட்டு, படையல் போட்ட கையை நம்பினார். துடைப்பக் கட்டையில் காகிதம் சுற்றித் தட்டை நடுவில் நிறுத்தி, தனசேகர் சொன்னபடியே மாட்டினோம்.

ஆயுத பூஜை காலையில் இன்ஜின் இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. நான் கைதட்டிவிட்டேன். டீச்சர் கிளட்சை மிதித்துக் கியர் போட்டார். இரும்பு இரும்பைக் கடிக்கிற சத்தம்தான் வந்தது, கியர் விழவில்லை. இன்னொரு முறை மிதித்தார். அதே சத்தம். இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மிதிச்சா வுடணும். வுட மாட்டேங்குது. தட்டு திரும்பி கீது, ஜெபா."

"நீட்டு பக்கம் இன்ஜின் பக்கம்னு சொன்னாரே?"

"சொன்னாரு. அண்ணன் எலைக்கு முன்னாடி நின்னுகினு சொன்னாரு."

திரும்பக் கழற்றி மாட்ட இரண்டு நாள் வேண்டும். பூஜைக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. நான் அழுதேன். டீச்சர் இறங்கிப் போய், சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். "கிளட்ச் இல்லன்னா இன்னா? ஸ்டார்ட்டர் கீது. உக்காரு" என்றார். இன்ஜின் நின்றிருக்கும்போதே முதல் கியரைப் போட்டார். அப்படியே ஸ்டார்ட்டரை இழுத்தார். வண்டி ஒரு குதி குதித்து, இன்ஜின் பிடித்து, சந்தை விட்டு நகர ஆரம்பித்தது.

முதல் கியரிலேயே போனோம். வேறு கியர் மாற்ற முடியாது. மனிதர் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். சாலையெல்லாம் உடைத்த பூசணிக்காய். ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில் தண்ணீர் லாரி குறுக்கே வந்தது. டீச்சர் பிரேக்கை அழுத்தி, சாவியை அணைத்து நிறுத்தினார். லாரி போனதும் மறுபடி கியரோடு ஸ்டார்ட்டரை இழுத்தார். இன்னொரு இடத்தில் மாலை போட்ட மீன்பாடி வண்டிகள் கூட்டமாக வந்தன. அங்கேயும் அதே மாதிரி நிறுத்தினார். இரண்டு முறையும் வண்டி ஒரு சாண் கூட மீறவில்லை. இதைத் தனசேகர் அவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஷெட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. முதலில் தனசேகரின் புது வெள்ளைக் கார். சீட்டில் கம்பெனி பிளாஸ்டிக் கூடப் பிரிக்கவில்லை. சந்தனம், குங்குமம், ஆளுயர மாலை. உள்ளே ஆளில்லை. டிரைவர்களும் பிட்டர்களுமாக ஐம்பது பேர் கற்பூரத்துக்குக் காத்திருந்தார்கள். நாங்கள் கேட்டுக்குள் நுழைந்ததும் தனசேகர் வாயைத் திறந்து எங்களையே பார்த்தார். வண்டி வரும் என்று அவர் நினைக்கவேயில்லை. டீச்சர் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தார். நான் குனிந்து அவர் கால்களைப் பார்த்தேன். வலது கால் ஆக்ஸிலேட்டரில் இருந்தது. பிரேக் பக்கம் போகவில்லை. சாவியிலும் கை வைக்கவில்லை.

லேண்ட்மாஸ்டர் அந்தக் காலத்து இரும்பு. புதுக் காரின் கதவில் மூக்கை வைத்து, அதை அப்படியே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய், வாழைமரத்தையும் சாய்த்து, தண்ணீர்த் தொட்டியில் முட்டிய பிறகுதான் இன்ஜின் நின்றது. கதவு கொட்டாங்கச்சி மாதிரி உள்வாங்கிவிட்டது. "ஐயய்யோ, கிளட்ச் வுட மாட்டேங்குதே!" என்று டீச்சர் கத்தினார். பள்ளி ஆண்டு விழா நாடகத்தில்கூட யாரும் அவ்வளவு நன்றாக நடித்து நான் பார்த்ததில்லை. பிறகு இறங்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஐம்பது பேருக்கும் கேட்கிற குரலில் சொன்னார். "தம்பி, நீங்க சொன்ன மாதிரிதானே மாட்னேன்? நீட்டு பக்கம் இன்ஜின் பக்கம்."

ஏழுமலை முன்னால் வந்தார். "யாரு சொன்னது அப்டி? நேத்து வேலைக்கு வந்தவன்கூட சொல்ல மாட்டானே!" என்றார். எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். தெரியாமல் சொன்னேன் என்றால் தொழில் தெரியாதவன் என்று ஆகும். தெரிந்தே சொன்னேன் என்றால், அண்ணன் படையலன்று அண்ணன் மனைவியிடம் பொய் சொன்னவன் என்று ஆகும். அவர் மென்று விழுங்கி, "போனா போவுது அண்ணி, உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே" என்றார். இரங்கல் மேடையில் அவர் சொல்லி நீங்கள் கேட்ட மன்னிப்பு இதுதான். அது மன்னிப்பு இல்லை, அவருக்கு வேறு வழியில்லை. கற்பூரம் காட்டினார்கள், லேண்ட்மாஸ்டருக்கும் சேர்த்து. அந்த வாரமே ஏழுமலை ஷெட்டிலேயே வைத்துத் தட்டைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

பூஜையன்று வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வருகிற வழியில் ஷேர் ஆட்டோவில் நான் கேட்டேன். "பிரேக் இருந்துச்சே, டீச்சர்?" "நல்லா இருந்துது" என்றார். வரதன் சார் போன பிறகு அவர் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, தனசேகர் தினமும் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்தார். டீச்சர் குடித்தார். எனக்குப் பிடிக்கவில்லை. கடைசிக்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெபா, அவுருக்கு ஒண்ணு சொல்லணும். நேர்ல சொல்ல வாய் வரல. நீ சொல்லிடு" என்று இரண்டு வாக்கியம் சொன்னார். "எதுக்கு டீச்சர் இப்ப?" என்றேன். "தூக்கிகினே போவ முடியல" என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கு அது ஒட்டவேயில்லை. அவரால் தூக்க முடியவில்லை. என்னால் முடியும். ஆனாலும் சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று தனசேகர் என்னைத் தனியே கூப்பிட்டார். அங்கே மைக் இல்லை, கூட்டமும் இல்லை. கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "டீச்சரம்மா, கடைசி நாள்ல எல்லாம் நீங்கதான் கூட இருந்தீங்க. அண்ணி எனக்கு எதுனா சொல்லச் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணும் சொல்லலை."

தலையை ஆட்டிக்கொண்டு பந்தி பரிமாறப் போய்விட்டார்.

டீச்சரின் நினைவாக உங்களிடம் இருப்பது எது என்று கடைசியில் எழுத வேண்டுமாம். கார் அவர் தங்கை மகளுக்குப் போயிற்று. ஸ்பேனர்களை ஏழுமலை வாங்கிக்கொண்டார். என்னிடம் இருப்பது அந்த இரண்டு வாக்கியம். டீச்சர் இருந்தால் இதற்காக என்னோடு பேச மாட்டார் என்று தெரியும். இந்த மலர் தனசேகர் வீட்டுக்கும் போகும். அண்ணி தனக்கு ஏதோ சொல்லிவிட்டுத்தான் போனார் என்று அன்றைக்கு அவருக்குத் தெரியவரும். என்ன சொன்னார் என்று கேட்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். வரட்டும். நான் சொல்லப் போவதில்லை.